கேம் பத்திரிகைக்குக் காசு கொடுக்கலாமா?

வீடியோ கேம் பற்றி மாதாமாதம் ஒரு பத்திரிகை வருகிறது, பேரன் கேட்கிறான், வாங்கித் தரலாமா? என் வயதுக்காரர்களிடம் இதைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "கேமே தண்டம், அதுக்கு ஒரு புஸ்தகம் வேறயா?" மீதி ஒருவர் காது கேட்காதவராக இருப்பார்.

எனக்கு அந்தப் பதிலில் சம்மதம் இல்லை. அதற்காக எல்லாரும் போய்ச் சந்தா கட்டுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. ஆம்பூரில் தோல் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு வந்தவன் நான். கையில் வருவது இ.பி.எஃப். பென்ஷன், மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச பென்ஷன் ஆயிரம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தபோது எங்கள் ஆட்களில் பலருக்கு அதுவே உயர்வாகத்தான் இருந்தது என்றால் மற்றவர் நிலைமை உங்களுக்கே விளங்கும். இருநூறு ரூபாய்ப் பத்திரிகை என்பது எனக்கு மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே நான் சொல்வதைக் காசு உள்ளவனின் பேச்சு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

முதலில் நான் வாங்கிய காலத்தைச் சொல்கிறேன்.

2003 வாக்கில் என் மகனுக்குப் பதினான்கு வயது. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதற்கு முன்னால் இங்கே பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் டி.வி.யில் செருகி ஆடும் கேம் பெட்டிதான். ஒரே கேசட்டில் தொண்ணூற்று ஒன்பதாயிரம் ஆட்டம் இருப்பதாக அட்டையில் போட்டிருப்பான். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும், அதையே திருப்பித் திருப்பிப் போட்டிருப்பான். கம்ப்யூட்டர் வந்த பிறகு பர்மா பஜாரிலிருந்து நூறு ரூபாய் சி.டி. வாங்கி வருவது வழக்கமானது. அதில் பாதி ஓடாது. ஓடாததை யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது? வாங்கியதே திருட்டுச் சரக்கு.

அப்போதுதான் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் 'டிஜிட்' பத்திரிகை கண்ணில் பட்டது. பாலித்தீன் உறைக்குள் தடியாக ஒரு இதழ், கூடவே சி.டி., சில மாதங்களில் கையடக்கமாக ஒரு சின்னப் புத்தகம். விலை நூறு ரூபாய்க்குக் குறையாது. அப்போது நான் வீட்டுக்கு வாங்கிக்கொண்டிருந்த வாரப் பத்திரிகைகளின் மாதக் கணக்கை எல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு இதழின் விலைக்கு வராது. அதே நிறுவனம் கேமுக்கென்றே 'ஸ்கோர்' என்று ஒரு இதழையும் கொண்டுவந்தது. சில காலம் தனியாக, பிறகு டிஜிட்டோடு சேர்ந்து. இந்தியாவிலிருந்து கேமுக்கென்று வந்த பத்திரிகை என்றால் எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது அதுதான்.

வீட்டில் சண்டைதான். "நூறு ரூபாய்க்கு ஒரு கிலோ கறி வாங்கலாம்" என்றாள் என் மனைவி. அன்றைய விலைக்கு அது சரியான கணக்குதான். ஆனால் எனக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது.

அன்று எங்களிடம் இருந்தது டெலிபோன் லைன் வழியாக வரும் இன்டர்நெட். பெட்டியில் 56 கே என்று போட்டிருக்கும். அந்த வேகம் முழுசாகக் கிடைத்தாலும் ஒரு நொடிக்கு 7 கிலோபைட்தான். ஒரு சி.டி.யில் இருப்பது 700 மெகாபைட். வகுத்துப் பாருங்கள், ஒரு லட்சம் நொடி. அதாவது கிட்டத்தட்ட 28 மணி நேரம், லைன் ஒரு தடவைகூட அறுந்து போகாமல் இருந்தால். ஆம்பூரில் மழைக்காலத்தில் அரை மணி நேரம் லைன் நின்றால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாம். டெலிபோன் கால் கணக்கு தனி, இன்டர்நெட் மணிக்கணக்கு தனி, அந்த நேரமெல்லாம் வீட்டுக்கு வேறு போன் வராது. பிறகு சி.டி.க்குப் பதில் டி.வி.டி. வந்தது, 4.7 கிகாபைட். அதை அந்த லைனில் இறக்க எட்டு நாள் ஆகும். அப்படிப் பார்த்தால் அந்த நூறு ரூபாயில் காகிதம் இனாம். காசு அந்தத் தட்டுக்குத்தான். புது விளையாட்டுகளின் மாதிரி, ஒன்றிரண்டு முழு விளையாட்டு, வைரஸ் ஒழிக்கும் மென்பொருள், சில மாதம் லினக்ஸ் கூட வந்தது. அந்த வட்டு ஒன்று தெருவில் நாலு வீடு சுற்றிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்.

2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. அதிலிருந்து மெல்ல மெல்ல வட்டுக்கு மதிப்புப் போனது. இன்று 4.7 கிகாபைட் என்பது பிள்ளைகள் ஒரு சாயங்காலத்தில் போனில் தீர்த்துவிடும் டேட்டா. வட்டுக்காக வாங்கியவர்கள் விட்டுவிட்டார்கள். அதில் எந்தத் தப்பும் இல்லை, நானும் வட்டுக்காகத்தான் வாங்க ஆரம்பித்தேன். ஆனால் வட்டு வேண்டாத காலத்திலும் அந்தப் பத்திரிகையில் ஒரு சரக்கு மிச்சம் இருந்தது. அதைச் சொல்லவேண்டுமானால் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலுப்பாக இருந்தால் ஒரு பத்தி தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டினால் மீதி விளங்காது.

நான் டேனரியில் அசார்ட்மென்ட்டில் இருந்தவன். அதாவது தோலைத் தரம் பிரிக்கும் வேலை. பதனிட்ட தோல் மேஜைக்கு வரும். வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கம்தான் மேஜையைப் போடுவார்கள். நேர் வெயில் விழாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும். தோலை விரித்து, கையால் ஒரு தடவு தடவி, திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்த்து, இது ஒன்றாம் நம்பர், இது மூன்று, இது ஐந்து, இது கழிசல் என்று அடுக்கிப் போட வேண்டும். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல், அம்மைத் தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு. பாலிஷ் போட்ட பிறகு இதில் பாதி மறைந்துவிடும். மறைந்ததை மறைந்ததாகத் தெரிந்துகொள்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். தரம் ஒரு படி மாறினால் சதுர அடிக்கு விலை மாறும். ஆயிரக்கணக்கான சதுர அடிக்கு அது என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. பெரிய வெளிநாட்டுப் பையர்கள் எங்கள் அசார்ட்மென்ட்டை அப்படியே நம்பமாட்டார்கள். அவர்கள் ஆள் ஒருவர் வந்து இரண்டாம் தடவை பார்ப்பார். நாங்கள் ஏமாற்றுக்காரர்கள் என்பதால் இல்லை. எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது விற்கிறவர். இரண்டு மேஜைக்காரருக்கும் கண் ஒன்றுதான், படியளப்பவர் வேறு. கை தோலைத் தடவும்போது மனசு யார் பக்கம் சாய்கிறது என்பது அதைப் பொறுத்துத்தான்.

கேம் பத்திரிகையில் வரும் விமர்சனமும் ஒரு அசார்ட்மென்ட்தான். அட்டைப் படத்தில் எல்லா விளையாட்டும் பளபளப்பாகத்தான் இருக்கும், பாலிஷ் போட்ட தோல் மாதிரி. உள்ளே ஒருவர் அதை இருபது மணி நேரம், முப்பது மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, எட்டாவது மணியிலிருந்து ஒரே சலிப்பு, இதற்கு இவ்வளவு ரேம் இல்லாவிட்டால் திக்கித் திக்கி ஓடும், பத்துக்கு ஐந்து என்று எழுதுகிறார். என் மகன் அதைப் படித்துவிட்டு எத்தனையோ விளையாட்டை வாங்காமலே விட்டிருக்கிறான். நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் 128 எம்.பி. ரேம்தான், இதற்கு 256 கேட்கிறான், வேண்டாம்ப்பா என்று அவனே சொல்லுவான். ஒரு ஒரிஜினல் கேமின் விலை அன்றைக்கே ஆயிரத்தைத் தாண்டும். வருடத்தில் ஒரு தடவை அப்படித் தடுத்தாலே பத்து இதழின் காசு வந்துவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஆனந்த விகடன் சினிமாவுக்கு மார்க் போடுவதை நாம் எப்படிக் காத்திருந்து பார்ப்போம்! 1977-ல் '16 வயதினிலே'வுக்கு 62½ மார்க் போட்டது இன்றைக்கும் நம்மில் பலருக்கு மனப்பாடம். அந்த அரை மார்க்கில்தான் அழகே இருக்கிறது. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து நியாயமாக யோசித்திருக்கிறார் என்று அது சொல்லாமல் சொல்லும். நூற்றுக்கு நூறு போட்டிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

ஜப்பானில் 'ஃபாமிட்சு' என்று ஒரு கேம் பத்திரிகை 1986 முதல் வருகிறது. அங்கே ஒரு விளையாட்டை நான்கு பேர் தனித்தனியாகப் பார்த்து ஆளுக்குப் பத்துக்கு மார்க் போடுவார்கள், மொத்தம் நாற்பது. நாற்பதுக்கு நாற்பது முதன்முதலாகக் கிடைத்தது 1998-ல், நின்டெண்டோவின் 'ஜெல்டா: ஒகரினா ஆஃப் டைம்' என்ற விளையாட்டுக்கு. பன்னிரண்டு வருடம் யாருக்கும் முழு மார்க் போடாமல் இருந்திருக்கிறார்கள் பாருங்கள். ஒரு மேஜைக்கு நாலு அசார்ட்டர் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் டேனரியில் இப்படி வைத்திருந்தால் நாலு பேரும் சண்டை போட்டே ஷிப்மென்ட் தேதி தாண்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

ஆனால் மேஜைக்காரனுக்குப் படியளப்பது யார் என்ற கேள்வியை அங்கேயும் கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் 1988-ல் தொடங்கிய 'நின்டெண்டோ பவர்' பத்திரிகையை நின்டெண்டோ கம்பெனியே நடத்தியது. விற்கிறவனே தன் சரக்கைப் பற்றிப் பத்திரிகை போட்டான், அதற்குப் பிள்ளைகளிடம் காசும் வாங்கினான். பெயர் பத்திரிகை, வேலை கேட்லாக். 1991-ல் தொடங்கிய 'கேம் இன்ஃபார்மர்' இன்னும் விசேஷம், அதன் சொந்தக்காரர் கேம் விற்கும் கடைச் சங்கிலி. கடைக்காரரே மார்க் போடுகிற மாதிரி. ஆனாலும் அதில் எழுதியவர்களை வாசகர்கள் நம்பினார்கள், அந்த நம்பிக்கையை அவர்களும் காப்பாற்றினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் அந்தக் கடைக்காரர் ஒரே நாளில் பத்திரிகையை மூடி, இணையத்தில் இருந்த பல வருட எழுத்தையும் சேர்த்து எடுத்துவிட்டபோது உலகம் முழுக்க வாசகர்கள் வருத்தப்பட்டார்கள். 2025-ல் வேறொரு கம்பெனி வாங்கி அதே ஆட்களைக் கூப்பிட்டு மறுபடி நடத்துகிறது. வாங்கிய கம்பெனியும் கேம் தயாரிக்கிற கம்பெனிதான்! மேஜையை மறுபடியும் விற்கிறவர் வீட்டில்தான் போட்டிருக்கிறார்கள்.

விளம்பரம் இன்னொரு தொல்லை. 2007 நவம்பரில் 'கேம்ஸ்பாட்' என்ற இணைய தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு போட்டார். அதே விளையாட்டின் விளம்பரம் அந்தத் தளம் முழுக்க ஒட்டியிருந்தது. கொஞ்ச நாளில் அவர் வேலை போனது. விளம்பரக்காரர் தரப்பு நெருக்கடிதான் காரணம் என்று 2012-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மூன்றாம் நம்பர் தோலை மூன்று என்று சொன்னதற்கு மேஜையை விட்டு எழுப்பப்பட்டவர்களை எங்கள் தொழிலிலும் எனக்குத் தெரியும். ஆகவே அந்தச் செய்தியை மகன் சொல்லக் கேட்டபோது எனக்கு அமெரிக்கா ஒன்றும் தூரமாகத் தெரியவில்லை.

காசு கொடுத்து வாங்கும் பத்திரிகைக்கு என் ஓட்டு ஏன் சாய்கிறது என்றால் இதனால்தான். வாசகன் கொடுக்கும் நூறு ரூபாய் அந்த மேஜையின் ஒரு காலையாவது நம் பக்கம் நிறுத்துகிறது. இலவசமாகக் கிடைக்கும் விமர்சனத்தில் அந்த ஒரு காலும் இல்லை. யூடியூபில் தமிழிலேயே கேம் பற்றிப் பேசும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள், கேட்க எனக்கே சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆனால் பேச்சின் நடுவில் 'லிங்க் கீழே இருக்கு' என்று ஒரு ஆப்பைச் சொல்லும்போது, இவருக்குப் படியளப்பது யார் என்று என் கை தானாகவே தோலின் அடிப்பக்கத்தைத் தேடுகிறது.

இன்னொரு லாபம், இதை நான் எதிர்பார்க்கவில்லை. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. என் மகன் மூன்றே நாளில் படித்து முடித்துவிடுவான். பிறகு இருபத்தேழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த இருபத்தேழு நாளும் பழைய இதழையே புரட்டுவான், தெரியாத ஆங்கில வார்த்தைக்கு என்னிடம் வருவான், எனக்குத் தெரியாது, இரண்டு பேருமாக லிஃப்கோ டிக்ஷ்னரியைப் பார்ப்போம். நாம் அம்புலிமாமாவுக்கு ஒன்றாம் தேதியிலிருந்து கடை வாசலில் நின்ற மாதிரிதான். அவன் பெரியவனாகி கேம் கம்பெனிக்கெல்லாம் போகவில்லை. ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். ஆனால் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் சரி, மோட்டார் வாங்கினாலும் சரி, நாலு இடத்தில் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போவான். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இப்போது அவன் மனைவிகூட ஒப்புக்கொள்கிறாள், கொஞ்சம் எரிச்சலோடு.

சரி, இன்றைய நிலைமைக்கு வருகிறேன். இன்று எங்கள் தெருப் பிள்ளைகள் ஆடுவது கம்ப்யூட்டரில் இல்லை, அம்மாவின் போனில். விளையாட்டு இலவசம். இலவசம் என்ற பிறகு விமர்சனம் எதற்கு, பத்திரிகை எதற்கு என்று கேட்கலாம். என் அனுபவத்தில் அசார்ட்டர் மிகவும் தேவைப்படுவது அங்கேதான்.

எங்கள் தெருவில் ஒரு பெண், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப ராத்திரியாகிவிடும். வீட்டில் ஒரு பழைய போனைப் பையன் கையில் கொடுத்துவிட்டுப் போவாள், ஏதாவது அவசரம் என்றால் கூப்பிடுவதற்கு. பையனுக்குப் பதினோரு வயது. அதில் அவள் பேங்க் கணக்கும் இணைந்திருந்தது, ரகசிய நம்பர் அவன் பார்த்ததுதான். நாற்பது ரூபாய், எண்பது ரூபாய், நூற்றி அறுபது ரூபாய். துப்பாக்கிக்கு ஒரு சட்டை, ஆளுக்கு ஒரு தொப்பி, திறந்தால் என்ன இருக்கும் என்று தெரியாத ஒரு பெட்டி. இரண்டு மாதத்தில் அவள் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிருந்தது. மகளிர் குழுத் தவணை கட்டப் போன அன்றுதான் கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தது. என்னிடம் ஓடி வந்தாள். "இன்னா மாமா, ஃப்ரீ கேமுன்னுதானே சொன்னான்?" என்றாள். அவள் சார்பில் ஆங்கிலத்தில் புகார் எழுதியது நான்தான். மெஷின் எழுதிய மாதிரி ஒரு பதில் வந்தது, பணம் வரவில்லை. அடுத்த மாதம் அவள் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போனாள்.

சட்டம் ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது, 2023-ல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நாடு முழுக்கத் தடை செய்து சட்டம் போட்டது. ரம்மியில் போன உயிர்களை நினைத்தால் அது வந்தது நல்லதுதான். ஆனால் இந்தப் பையன் ஆடியது காசு வைத்து ஜெயிக்கிற விளையாட்டு இல்லை. காசு கொடுத்துத் தொப்பி வாங்குகிற விளையாட்டு. சட்டத்தின் கண்ணில் அது சாதாரண வியாபாரம். பெல்ஜியத்தில் 2018-லேயே அந்த மாதிரி மர்மப் பெட்டிகள் சூதாட்டக் கணக்கில்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். நாம் இன்னும் தொப்பி என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்த விளையாட்டு எத்தனை நாளில் காசு கேட்க ஆரம்பிக்கும், கொடுக்காவிட்டால் தொடர்ந்து ஆட முடியுமா, பெட்டியில் நல்லது விழ எத்தனை தடவை திறக்க வேண்டியிருக்கும், இதையெல்லாம் ஆடிப் பார்த்துத் தமிழில் எழுதி, மாதம் ஒரு தடவை அந்தப் பெண் படிக்கிற மாதிரி அச்சடித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் புதிதாக வந்தபோது 'தமிழ் கம்ப்யூட்டர்' பத்திரிகையும், தினமலரோடு வந்த 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பும் அந்த வேலையைச் செய்தன. எக்செல் என்றால் என்ன என்று எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான். போன் விளையாட்டுக்கு அப்படி ஒன்று எங்கள் ஊர்க் கடையில் தொங்கினால் என் பென்ஷனிலிருந்து முதல் ஆளாக வாங்குவேன். ஆங்கிலப் பத்திரிகைகளில் பெரும்பாலும் வருவது பெரிய மெஷினில் ஆடும் ஐயாயிரம் ரூபாய் விளையாட்டு பற்றித்தான். பிளேஸ்டேஷன் வைத்திருக்கும் வீட்டுக்கு அது உதவும். அப்பர் தைக்கிற வீட்டுக்கு உதவாது.

பேர்ணாம்பட்டில் இருக்கும் என் பழைய மேஜைக் கூட்டாளி இதைத்தான் போனில் கேட்டார். அவர் பேரனுக்கு மாமன் துபாயிலிருந்து ஒரு கேம் மெஷின் வாங்கி வந்திருக்கிறார். "பாய், நான் சொல்றதைக் கேளுங்க. சந்தா கட்டாதீங்க. முதல்ல ஒரே ஒரு இதழ் வாங்கிப் பாருங்க" என்றேன். என்ன பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் ஓடாது, ஆனால் நம்பர் ஓடும். விமர்சனப் பக்கங்களைப் புரட்டி மார்க்கை மட்டும் பாருங்கள். எல்லாம் எட்டும் ஒன்பதுமாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். மண்டியில் வந்த லாட் முழுக்க ஒன்றாம் நம்பர் என்று எவனாவது சொன்னால் நாம் நம்புவோமா? இரண்டு மூன்றாவது நாலு, ஐந்து என்று இருக்க வேண்டும். அப்புறம், மார்க் கம்மியாக வாங்கிய ஏதாவது ஒரு விளையாட்டின் விளம்பரம் அதே இதழில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பத்திரிகைக்காரருக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு வாங்குங்கள். அப்படி நெஞ்சுரம் உள்ளவரின் இதழுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

அவர் சிரித்துக்கொண்டு, "அது சரிண்ணே, ஆனா வெலை? வெளிநாட்டு புக்கு ஒண்ணு பல நூறு சொல்றானே" என்றார். உண்மைதான், இறக்குமதியாகி வரும் இதழ்கள் நம் கைக்கு எட்டாது. அதற்கு நான் சொன்ன வழி பழைய வழிதான். அந்தத் தெருவில் அந்த மெஷின் வைத்திருக்கும் பிள்ளைகள் நாலு பேராவது இருப்பார்கள். நாலு வீடு சேர்ந்து ஒரு இதழ். படித்து முடித்த இதழைக் கிளை நூலகத்தில் கொடுத்தால் மெஷின் இல்லாத பிள்ளையும் படிக்கும். அதையே டிஜிட்டல் இதழாக வாங்கினால் விலை குறைவு என்றும் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையைப் போனிலிருந்து கொஞ்ச நேரம் இறக்குவதற்காக வாங்கும் பத்திரிகையை மறுபடி போனிலேயே வாங்கிக் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

போன் விளையாட்டு மட்டும் ஆடும் பிள்ளை உள்ள வீட்டுக்கு என் பதில் வேறு. பத்திரிகை வேண்டாம், அந்தக் காசில் கோகுலமோ லயன் காமிக்ஸோ பழைய கடையில் கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். முதல் காரியமாகப் போனிலிருந்து பேங்க் கணக்கைப் பிரித்து எடுங்கள், ரகசிய நம்பரைப் பிள்ளை முன்னால் அடிக்காதீர்கள். எப்படிப் பிரிப்பது என்று தெரியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு. இந்த மாதம் இதுவரை ஏழு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று மகன் வருவான்.